பெரணியை வித்திலிருந்து வளர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிழல் மூலைகளுக்கு ஏற்ற செடிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, பெரணிகளை நாற்றுப் பண்ணையில் வாங்காமல் அவற்றின் வித்துகளிலிருந்தே வீட்டில் வளர்க்கலாம் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரில் வளரும் பெரணியின் இலைக்கு அடியிலிருந்த பழுப்புத் தூளைச் சுரண்டி எடுத்து, தொட்டி மண்ணில் கீரை விதை தூவுவதுபோல் தூவி, மேலே சிறிது மண் போட்டு, நாள்தோறும் நீர் தெளித்தேன். இரண்டு மாதமாகியும் பாசியைத் தவிர எதுவும் வராததால் அதையும் வழித்து எறிந்துவிட்டேன். எங்கே பிழை நேர்ந்தது? (வாசகி, சேலம்)

பதில்: மண்ணைப் போட்டு மூடியது முதற்பிழை, கொதிநீர் ஊற்றித் தூய்மைப்படுத்தாத மண்ணைப் பயன்படுத்தியது இரண்டாவது. பெரணித் தூளை விதை என்று கருதியதால்தான் இரண்டுமே நேர்ந்தன. விதைக்குள் ஓர் இளஞ்செடி முன்பே உருவாகி, தனக்கு வேண்டிய உணவோடு காத்திருக்கிறது. அதனால் மண்ணுக்கு அடியில், இருட்டில் கிடந்தாலும் அது முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பெரணியின் வித்தோ ஒரேயொரு செல். ஒரு மில்லிமீட்டரை இருபது, முப்பது கூறுகளாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அளவு. கையிருப்பு உணவு மிகக் குறைவு என்பதால், பெரும்பாலான பெரணிகளின் வித்துகள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கின்றன.

முளைத்தாலும் அதிலிருந்து நேரடியாகப் பெரணி வருவதில்லை. முதலில் தோன்றுவது, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, இதய வடிவிலான பச்சைத் தகடு. பாடநூல்கள் இதை முன்உடலம் என்று அழைக்கின்றன. வேர், தண்டு, இலை எதுவுமில்லாத இந்தத் தகட்டின் அடிப்புறத்தில்தான் ஆணுறுப்புகளும் பெண்ணுறுப்புகளும் உருவாகின்றன. ஆண் செல்கள் நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று முட்டையை அடைந்து கருவுற்ற பிறகே, நாம் பெரணி என்று அறிந்திருக்கும் செடி அந்தத் தகட்டிலிருந்து எழுகிறது. ஜமைக்காவில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் லிண்ட்சே என்பவர், பெரணித் தூளைத் தூவி அது முளைப்பதைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை, லண்டனின் லின்னேயன் கழக ஏட்டில் 1794இல் வெளிவந்தது. ஆயினும் பெரணியின் வாழ்க்கை இப்படி இரு பிறவிகளாக நடக்கிறது என்பதைத் தெளிவுபடுத்த, ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1851இல் தம் ஆய்வை வெளியிடும்வரை ஆயிற்று. ஆகவே தாங்கள் பாசி என்று வழித்து எறிந்ததில் பெரணியின் முதற்பிறவியும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அடுத்த முறை எறியுமுன் ஒரு கைக்கண்ணாடியால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வித்து முற்றிவிட்டது என்பதை எப்படி அறிவது? அதைச் சேகரிக்கும் முறை என்ன? (வாசகர், குன்னூர்)

பதில்: இலையின் அடிப்புறத்திலுள்ள பொட்டுகள் வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ இருந்தால் இன்னும் முற்றவில்லை. கரும்பழுப்பாகி, சற்றே பளபளப்பும் புடைப்பும் கண்டிருந்தால் அதுவே பறிக்கும் வேளை. துருவின் நிறத்தில் கிழிந்த பஞ்சுபோல் தோன்றினால் வித்துகள் முன்பே பறந்துவிட்டன. எஞ்சியிருப்பவை வெற்றுப் பைகள். பொட்டுகள் எல்லாப் பெரணியிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிணற்றுச் சுவரில் கறுத்த மெல்லிய காம்புகளோடு தொங்கும் அடியாண்டத்தில், இலை விளிம்பு மடிந்து மூடிய இடத்தில் அவை மறைந்திருக்கும். பழைய செங்கற்சுவர்களில் முளைக்கும் டெரிஸ் வகையில் விளிம்பையொட்டி ஒரு நீண்ட கோடாக ஓடும்.

தூளைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. முற்றிய இலைத் துண்டு ஒன்றைக் கழுவித் துடைத்து, பொட்டுகள் கீழ்நோக்கி இருக்குமாறு வழவழப்பான வெள்ளைத்தாளில் வைத்து, மேலே இன்னொரு தாளால் மூடி, மின்விசிறிக் காற்றுப் படாத உலர்ந்த இடத்தில் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வித்துப்பையைச் சுற்றியும் தடித்த செல்களாலான ஒரு வளையம் உண்டு. ஈரம் வற்ற வற்ற அது பின்னோக்கி வளைந்து, ஓர் எல்லையில் சட்டென்று மீண்டு, கவணிலிருந்து கல் பறப்பதுபோல் வித்துகளை வீசியெறியும். மறுநாள் இலையைத் தூக்கினால், அதன் உருவமே தாளில் தூளாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அந்தத் தூளில் உடைந்த பைகளும் செதில்களும் கலந்திருக்கும். பூஞ்சணம் பெரும்பாலும் அவற்றோடுதான் வந்து சேர்கிறது. தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சருகு முதலில் உருண்டோடிவிடும், நுண்ணிய வித்துகள் தாளிலேயே ஒட்டி நிற்கும். இதை மூன்று நான்கு முறை செய்வது அலுப்பான வேலைதான், ஆனால் பிறகு வரும் தொல்லைகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் பறிப்பது குற்றம். தோட்டங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் கிடைப்பவையே இப்பயிற்சிக்குப் போதும். ஒரு இலைத் துண்டில் இலட்சக்கணக்கான வித்துகள் இருப்பதால் செடியைப் பிடுங்க எவருக்கும் தேவை எழாது.

கேள்வி: விதைக்கும் முறையை முதலிலிருந்து விளக்க வேண்டுகிறேன். ஆய்வகக் கருவிகள் எதுவும் என்னிடம் இல்லை. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கருவிகள் தேவையில்லை, இறுக மூடக்கூடிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் ஒரு குக்கரும் போதும். இனிப்புக் கடையில் தரும் டப்பாவே மிகப் பொருத்தமானது. தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று நீரில் அலசி உப்பைப் போக்கி, அதில் சலித்த இலைமக்கும் சிறிது ஆற்றுமணலும் கலந்து, ஈரமாகவே ஒரு பாத்திரத்தில் இட்டு, குக்கரில் அரைமணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். டப்பாவையும் மூடியையும் கழுவி, அவை தாங்குமளவு சூடான நீரை ஊற்றி எடுங்கள். வெந்த கலவை மூடியபடியே ஆறியதும், டப்பாவில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி மட்டமாக்க வேண்டும். கலவை கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டு வடியுமளவு ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, அடியில் நீர் தேங்கக் கூடாது.

இதைவிட எளிய வழியும் உண்டு. நன்கு வெந்த நாட்டுச் செங்கல் துண்டு ஒன்றை நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, டப்பாவுக்குள் நிறுத்தி, அதன் கால் பங்கு மூழ்குமளவு கொதித்தாறிய நீர் ஊற்றி, மேற்பரப்பில் வித்தைத் தூவினால் போதும். நீரை வேண்டிய அளவுக்குச் செங்கல்லே உறிஞ்சி மேலே அனுப்பிக்கொள்ளும். பழைய சுவர்களிலும் கிணற்று உறைகளிலும் பெரணி தானாக முளைப்பது இதே ஏற்பாட்டில்தான். சமவெளியில் முதன்முறையாக முயல்பவர்களுக்கு இந்த முறையையே நான் பரிந்துரைப்பேன்.

தூவும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த தாளின் நுனியில் கத்திமுனையளவு தூளை எடுத்து, ஓர் அடி உயரத்திலிருந்து தாளைச் சுண்டுங்கள். தூவியது கண்ணுக்குத் தெரிந்தால் அது மிகுதி என்று பொருள். மேலே மண் போடாமல், நீர் தெளிக்காமல் உடனே மூடி, பெரணியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள். நேர்வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்குமளவு வெளிச்சம் வரும் சன்னலோரமே அதற்கு இடம். நேர்வெயிலில் வைத்தால் மூடிய டப்பாவுக்குள் வெப்பம் கூடி எல்லாம் வெந்துவிடும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை மிக நல்லது. நம் ஊர் வகைகள் அதற்கு மேலும் சில டிகிரி தாங்கும்.

வேளையைப் பொறுத்தவரை, சமவெளியில் ஐப்பசியில் தொடங்குவது நல்லது. பச்சைப்படலம் இரண்டு மூன்று வாரத்தில் தெரியத் தொடங்கும். குளிர்மாதங்களில் தகடுகள் விரியும். மாசி, பங்குனி வாக்கில் முதல் இலைகள் எழும். கோடை முழுவதும் நாற்றுகள் டப்பாவுக்குள் பாதுகாப்பாகக் கழித்துவிட்டு, ஆடிக்காற்று அடங்கிய பிறகு வெளியே வரலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ளவர்கள் சித்திரையில் தொடங்கினால், உறைபனி தொடங்குமுன் நாற்றுகள் ஓரளவு தேறிவிடும்.

கேள்வி: இத்தனை மாதம் மூடியே வைத்தால் செடிக்கு மூச்சு முட்டாதா? (வாசகர், மதுரை)

பதில்: முட்டாது. பகலில் செடி வெளியிடும் ஆக்சிஜனும் இரவில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் டப்பாவுக்குள்ளேயே மாறி மாறிப் பயன்படுகின்றன, ஆவியாகும் நீரும் மூடியில் படிந்து திரும்பச் சொட்டிவிடுகிறது. லண்டனில் மருத்துவராயிருந்த நதானியேல் பாக்‌ஷா வார்டு என்பவரின் தோட்டப் பெரணிகள் அந்நகரத்துக் கரிப்புகையில் மடிந்துகொண்டே இருந்தன. 1829 வாக்கில், ஒரு கூட்டுப்புழு என்னவாகிறது என்று பார்ப்பதற்காக ஈரமண்ணோடு அவர் மூடிவைத்திருந்த கண்ணாடிக் குடுவைக்குள், யாரும் விதைக்காமலே ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து, நீர் ஊற்றாமலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அதிலிருந்து பிறந்த வார்டு பெட்டிகளில்தான் பின்னர் தேயிலை நாற்றுகள் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. நீலகிரியின் தேயிலைச் சரிவுகளைப் பார்க்கும்போது இந்தப் பெரணி என் நினைவுக்கு வருவதுண்டு.

கேள்வி: டப்பாவுக்குள் வெள்ளைப் பூஞ்சணமும், வேறொரு மூலையில் வழவழப்பான கரும்பச்சைப் படலமும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கொட்ட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த இடத்தை, சுற்றிலும் சிறிது மிகையாகவே சேர்த்துக் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்து ஈரத்தைக் குறையுங்கள். வழவழப்பான படலம் நீலப்பச்சைப்பாசி. நீர் மிகுந்திருப்பதை அது காட்டுகிறது. நலமாக உள்ள தகடுகளை இடுக்கியால் சிறுகொத்தாக எடுத்து, புதிதாக வேகவைத்த கலவையில் நட்டால் அவை பிழைத்துக்கொள்ளும். எப்போதும் ஒரே வித்தை மூன்று நான்கு டப்பாக்களில் பிரித்து விதைப்பது இதற்காகத்தான். ஒன்று கெட்டாலும் மற்றவை நிற்கும். குழாய்நீரையோ ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரையோ அப்படியே விடாமல், மழைநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான்கு மாதமாக இதய வடிவத் தகடுகள் அடர்ந்து செழித்திருக்கின்றன. ஆனால் ஒரு பெரணி இலைகூட எழவில்லை. உரம் போட வேண்டுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உரம் வேண்டாம்; நீரும் இடமும்தான் வேண்டும். மூடிய டப்பாவுக்குள் ஈரக்காற்று இருந்தாலும், தகட்டின் அடியில் ஆண் செல் நீந்துமளவு நீர்ப்படலம் இல்லையென்றால் கருவுறுதல் நடக்காது. பெண்ணுறுப்பின் வாயிலிருந்து கசியும் பொருளின் திசையறிந்து அவை நீந்துகின்றன. மாலிக் அமிலம், அதாவது ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம், பெரணியின் ஆண் செல்களை ஈர்க்கிறது என்று வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884இலேயே காட்டியிருக்கிறார். ஆகவே தகடுகள் அரை சென்டிமீட்டர் அளவை எட்டிய பிறகு, வாரம் இருமுறை கொதித்தாறிய நீரைத் தெளிப்பானால் மென்தூறலாகத் தெளித்து, தகடுகள் முழுவதும் நனையுமாறு செய்யுங்கள். டப்பாவைச் சற்றே சாய்த்து நீரை ஒருமுறை ஓடவிடுவதும் உதவும்.

அடர்த்தியும் ஒரு காரணம். பல வகைகளில், முந்தி வளர்ந்து பெண்ணுறுப்பு கொண்டுவிட்ட தகடு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள பின்தங்கிய சிறு தகடுகளை ஆணாக்கிவிடுகிறது. நெருக்கமாக விதைத்த டப்பாவில் வளர்ச்சி குன்றிய ஆண் தகடுகளே நிறைந்திருப்பதற்கு நெருக்கடியோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. படலத்தைப் பட்டாணி அளவுக் கொத்துகளாகப் பிரித்து, இரண்டு விரற்கடை இடைவெளியில் வேறு டப்பாவில் பதித்துவிடுங்கள். பெரும்பாலும் அதற்குப் பின் ஓரிரு மாதத்தில் முதல் இலை எழும். அந்த முதல் இலை தாய்ச்செடியின் இலையைச் சிறிதும் ஒத்திருக்காது என்பதால், களை என்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பாஸ்டன் ஃபெர்ன், அஸ்பராகஸ் ஃபெர்ன் இரண்டின் வித்தையும் எப்போது எடுக்கலாம்? (வாசகர், சென்னை)

பதில்: இரண்டிலும் எடுக்க முடியாது. பாஸ்டன் ஃபெர்ன் நல்ல வித்துகளைத் தருவதில்லை; அதன் அடியிலிருந்து ஓடும் மெல்லிய கொடிகள் மண்ணைத் தொடுமிடத்தில் முளைக்கும் கன்றுகளைப் பிரித்து நடுவதே வழி. அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே அன்று. தண்ணீர்விட்டான் கிழங்கின் நெருங்கிய உறவான அது, பூத்துக் காய்த்து விதை தரும் செடி.

கேள்வி: வால்பாறையில் உள்ள உறவினர் வீட்டில், இலையின் அடிப்புறம் முழுவதும் வெள்ளைப்பொடி படிந்த பெரணி வளர்கிறது. குழந்தைகள் அதைக் கையில் அழுத்தி அச்சு வைத்து விளையாடுகிறார்கள். அந்தப் பொடியைத் தூவினால் முளைக்குமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அது வித்து அன்று, இலையே சுரக்கும் மெழுகு போன்ற பொருள். வெள்ளிப் பெரணி என்று தோட்டக்காரர்கள் சொல்லும் அச்செடியின் வித்துகள், அதே அடிப்புறத்தில் நரம்புகளையொட்டிக் கருமையாக இருக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் மலைகளில் பரவிவிட்ட செடி அது; மிக எளிதாக முளைக்கும் என்பதால் தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் பெரணிதான் என்கிறார்கள். அதை வித்திலிருந்து வளர்க்க முடியுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ஆம், பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் பெரணியின் மயிரடர்ந்த வேரடித்தண்டுதான் அது. இரண்டு வகை இலைகள் அதற்கு உண்டு. அடியில் சருகுபோல் பழுப்பாக நின்று மக்கைச் சேர்த்துவைக்கும் குறுகிய இலைகளில் வித்து இராது. நீண்டு பிளவுபட்ட பச்சை இலைகளின் அடியில்தான் பொட்டுகளைத் தேட வேண்டும். வித்து முளைக்கும், ஆனால் சூப் வைக்குமளவு தண்டு திரளப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தே தொடங்குங்கள். வாங்கிய கிழங்கில் பச்சை நுனி உயிரோடு இருந்தால், அதைத் தென்னைமட்டைத் துண்டில் கட்டித் தொங்கவிடுவது விரைவான வழி. சந்தைக்கு வரும் சரக்கு பெரும்பாலும் மலையிலிருந்து பெயர்த்தெடுத்ததே என்பதால், வித்திலிருந்து வளர்க்க ஒரு சிலராவது முன்வர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: டொரான்டோவில் வசிக்கிறேன். இங்குள்ள குளிர்காலத்தைத் தாங்கும் பெரணிகளை வித்திலிருந்து வளர்த்து, வீட்டின் பின்புறம் மேப்பிள் மரநிழலில் நட விரும்புகிறேன். எவற்றை எடுக்கலாம்? (வாசகி, கனடா)

பதில்: உங்கள் மண்ணுக்கே உரிய ஆஸ்ட்ரிச் ஃபெர்ன், கிறிஸ்துமஸ் ஃபெர்ன் ஆகிய இரண்டையும் எடுங்கள். ஆஸ்ட்ரிச் ஃபெர்னின் வேரடித்தண்டு மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்கும். அதன் பச்சை இலைகளில் வித்தைத் தேட வேண்டாம். நடுவில் குட்டையாக, பழுப்பு நிறத்தில், குளிர்காலம் முழுவதும் பனிக்கு மேலே விறைத்து நிற்கும் தனி இலைகளில்தான் வித்துகள் இருக்கின்றன. குளிர்காலத்தின் இறுதியில் ஒன்றை வெட்டி வந்து வீட்டுக்குள் தாளில் வைத்தால் பச்சைத்தூள் கொட்டும். பச்சை வித்துகளுக்கு ஆயுள் குறைவு என்பதால் கொட்டிய வாரத்திலேயே விதைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் ஃபெர்னில் இலையின் மேற்பகுதியில் சிறுத்திருக்கும் சிற்றிலைகளில் மட்டுமே பொட்டுகள் இருக்கும். கோடையில் முற்றும் அவ்வித்துகளை உலரவைத்து, காகித உறையில் மடித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் பழுதாகாது.

விதைக்கும் முறை மேலே சொன்னதேதான். பகல் குறுகிய மாதங்களில் சன்னல் வெளிச்சம் போதாது. எல்இடி குழல்விளக்கை ஓரடி உயரத்தில், நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். குளிரைத் தாங்கும் வகை என்பதை நாற்றும் தாங்கும் என்று பொருள்கொள்ளக் கூடாது. முதல் குளிர்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழிக்கச் செய்து, மே மாத இறுதியில் உறைபனி நீங்கியபின் நிலத்தில் நட்டால், அடுத்த பனி வருமுன் வேர் ஆழப் பிடித்திருக்கும். இலையுதிர்காலத்தில் மேப்பிள் சருகுகளை அள்ளி எறியாமல் செடிகளைச் சுற்றிக் கனமாகப் பரப்பிவிடுங்கள்.

கேள்வி: நாற்றுகளை டப்பாவிலிருந்து எப்போது வெளியே எடுப்பது? எடுத்த அன்றே எல்லாம் வாடிவிட்டன. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நூறு விழுக்காடு ஈரப்பதத்தில் பிறந்த இலைகளுக்கு வெளிக்காற்று தாங்காது. நாற்றுகளில் மூன்று நான்கு இலைகள் தோன்றி, இரண்டு விரற்கடை உயரம் வந்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். முதல் வாரம் மூடியில் இரண்டு ஊசித்துளைகள் இட்டு, அடுத்த வாரம் மூடியை ஒரு விரலளவு நகர்த்தி, மூன்றாம் வாரத்தில் இரவில் மட்டும் திறந்துவைத்து, அதன் பிறகே முழுவதும் திறவுங்கள். பிறகு சிறு தொட்டிகளில், இலைமக்கு மிகுந்த கலவையில், தண்டின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியுமாறு நட்டு, சில நாட்களுக்குத் தொட்டியைப் பிளாஸ்டிக் பையால் தளர்வாகக் கவிழ்த்து மூடிவையுங்கள். வாடியவற்றையும் உடனே எறிந்துவிட வேண்டாம். குருத்து பச்சையாக இருந்தால் மீண்டும் டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுங்கள். மூன்று வாரத்துக்குள் சுருள் எழுந்தால் அது பிழைத்துவிட்டது.